பட்டா இல்லாத தீவு

— அது மேகமும் இல்ல, மீன் கூட்டமும் இல்ல கருப்பா. தரை! மெய்யாலுமே தரை! லைட்டவுசு பாறை மேல ஏறி நின்னு இந்த ரெண்டு கண்ணால பார்த்துட்டு ஓடியாறேன். கடலுக்கு நடுவுல ஏரிக்கரையாட்டம் நீட்டிகினு கெடக்குது. ஒன் கட்டுமரத்தத் தள்ளு, ஜல்தி!

— சொல்றதக் கேளு தேவசகாயம் அண்ணாத்த. நேத்து வரைக்கும் அங்க தண்ணிதான். நானே வலை போட்டுக் கீறேன், கயிறு வுட்டா அடி தட்டாது. ஒரே ராத்திரியில தரை எங்கேருந்து வந்து குந்திக்கும்?

— அதான்டா அதிசயம்! தோத்திரம் ஆண்டவரே, தோத்திரம்! கெழக்கு சீமையில மலை வெடிச்சுதுன்னு ஊரே பேசிகினு கீது இல்ல? அப்பிடி வெடிச்சா கடலுக்குள்ளாறேந்து புதுசா தீவு மொளைக்குமாம். எங்க கோயிலு பள்ளிக்கூடத்து சாரு சொன்னாரு. மொளைச்சுட்டுது! மாவலிபுரத்துக்கு எதிர்லியே மொளைச்சுட்டுது!

— ஆமா, ஒலகத்துல கீற எடத்தையெல்லாம் வுட்டுட்டு இவரு மூஞ்சிக்கு நேரா வந்து மொளைச்சுது. கருப்பா, இந்த நெருப்புச் சட்டியக் கொஞ்சம் புடி நைனா. நான் மரத்துல ஏறிக் குந்திக்கறேன்.

— இன்னா எல்லம்மாக்கா இது! நெருப்புச் சட்டி, சோத்துப் பானை, வெறகுக் கட்டு... நீயுமா வர்றே? பொம்பள ஆளு மரத்துல ஏறினான்னு தெரிஞ்சா எங்க குப்பத்துல என்னைத் தள்ளி வெச்சுடுவாங்க.

— நான் வராம இவரு யாரை வெச்சுப் பொங்குவாரு? ஒன்னியவா? பொறம்போக்குல ஆம்பள போயி நின்னா, அது சும்மா நின்னதுதான். பொம்பள அடுப்பு மூட்டி, சோறு வடிச்சு, அங்கியே குந்தி ரெண்டு பேரும் துன்னாதான் அது குடி. எங்க தெருவுல பாதி வூடு அப்பிடி வந்ததுதான்.

— சோறு வெந்த அடுப்ப கிராம முன்சீபே வந்தாலும் ஒதைக்க மாட்டாரு கருப்பா. பாவமாச்சே! அதுக்குத்தான் இவ்ளோ பரபரப்பு. நமக்கு முன்னாடி வேற எவளாச்சும் பொங்கிட்டான்னா போச்சு.

— வேற எவ வரப் போறா? கடல்ல வந்து பொங்கறதுக்கு ஒன் பொண்டாட்டிய வுட்டா ஆளு ஏது?

— அய்ய, வெவரம் தெரியாம பேசாத. அந்தப் பக்கம் திரும்பிப் பாரு. முன்சீபு உலகநாதன் பெரிய படகுக்குப் பாயி கட்டிகினு கீறாரு. கணக்கப்புள்ள அளக்கற சங்கிலியத் தோள்ல மாட்டிகினு நிக்கிறான். அவங்க போயி அளந்து கல்லு நட்டுட்டா அது சர்க்காரு நெலம். அப்பால அவரு மச்சானுக்குக் குத்தகை. நாம அங்கியும் கூலிதான்.

— அடப்பாவி, மெய்யாவா? சங்கிலியோடவா?

— கண்ணு இல்ல ஒனக்கு? பாரு!

— சரி, ஏறு அண்ணாத்த. அக்கா, நடுவுல குந்து. கட்டை மேல ரெண்டு காலையும் இறுக்கிக்கோ. ஆனா ஒண்ணு, எனக்கும் அங்க ஒரு ஓரம் வேணும்.

— கடல்காரனுக்கு இன்னாத்துக்குடா நெலம்?

— வலை காய வெக்க! கரையில எங்க எடத்தையெல்லாம் கல்லு கோயிலு பார்க்க வர்றவன் காரு நிறுத்திப் புடுங்கிகினான். வலையச் சுருட்டுடா, காரு வளைக்கணும்னு சொல்றான். எங்க பாட்டன் காலத்து மணலு அது. நான் எங்க போயிக் காய வெக்கறது, என் தலையிலயா?

— சரி, தெக்கால ஓரம் ஒனக்கு. எழுதிக் குடுக்க ஆளில்ல, வாயால குடுத்துட்டேன். தள்ளு!

— தோ... அலை வருது, தலையக் குனி... ஏலேலோ! தாண்டியாச்சு! தொடுப்பப் புடி அண்ணாத்த, நீயும் வலி!

— நனைஞ்சுட்டுது! எல்லாம் நனைஞ்சுட்டுது! இன்னாய்யா, சோறாக்கப் போறோம்னு சொன்னே, என்னியே வேக வெச்சுடுவே போலக் கீதே!

— நெருப்பு? நெருப்பு இன்னா ஆச்சு எல்லா?

— என் உசிரக் கேக்காத, நெருப்பக் கேளு. கீது, கீது. முந்தானையால மூடிக் கீறேன். ஏசப்பா, எல்லம்மா தாயி, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சுக்கங்க.

— அக்கா பலே ஆளு. ஒருத்தரு கைவுட்டாலும் இன்னொருத்தரு கீறாரு.

— நீ பேசாம வலி நைனா. அந்தப் படகு பாயி விரிச்சுட்டுது.

— விரிக்கட்டும். பெரிய படகு, அலை தாண்டவே நேரமாவும். நாம அதுக்குள்ள ஒலை வெச்சுடலாம். அண்ணாத்த, ஒரே தாளமா வலி. வயல்ல சேறு வாரறாப்ல வாராத.

— வயலு! ஆமாண்டா, வயலு! கருப்பா, ஒனக்குத் தெரியாது. எங்கப்பன் அடுத்தவன் வயல்ல பொறந்தாரு. நாத்து நட்டுகினு இருந்த எங்க ஆயாவுக்கு வரப்புலியே வலி எடுத்துட்டுது. அடுத்தவன் வயல்லியே செத்தாரு, வரப்ப செதுக்கி அண்டை வெட்டறப்ப. பொதைக்கறதுக்கு எடம் குடுங்கன்னு நான் போயி நின்னேன். ஏரி ஒடப்புல எங்கியாச்சும் பொதைச்சுக்கோன்னாங்க. அப்ப நெனைச்சேன், சாவறதுக்குள்ள ஒரு மொழம் தரை, என் பேருல, எவனும் எழுந்திரிடான்னு சொல்லாத தரை. அவ்ளோதான் எனக்கு வேணும்.

— பூதானத்துக்காரங்க நெலம் வாங்கித் தர்றேன்னு வந்தாங்களே?

— தந்தாங்க. பாறை. ஆட்டுக்குக்கூட பில்லு இல்லாத பாறை. அதுக்கும் பக்கத்துக்காரன் கேசு போட்டு வெச்சுட்டான். இத்த யாரும் தானம் குடுக்கல பாரு! ஆண்டவரே கடலுக்குள்ளாறேந்து எடுத்துக் குடுக்கறாரு. மிராசு இல்ல, பட்டா இல்ல, வரப்புத் தகராறு இல்ல. சுத்தியும் தண்ணி!

— குடிக்க?

— இன்னாமே?

— குடிக்கறதுக்குத் தண்ணி? சுத்தியும் உப்பு. கெணறு எங்க வெட்டுவே?

— மழை பெய்யாதா? குட்டை வெட்டுவேன். மொதல்ல மல்லாட்ட போடுவேன், மணலுக்கு வேர்க்கடலதான் தோது. அப்பால ஓரம் பூரா சவுக்கு. காத்தத் தடுக்கும் பாரு. நடுவுல வூடு. வாசலு கரையப் பார்த்து வெப்பேன். முன்சீபு காலையில பல்லு வெளக்கறப்ப என் வூட்டு வாசலத்தான் பார்க்கணும்!

— ஆமா, கட்டி முடிச்சுட்டாரு. கூரை வேய ஆளு கூப்புடு.

— சிரிக்காத எல்லா. இன்னிக்கு ஒரு நாளு சிரிக்காத.

— நான் சிரிக்கல. பயமா கீது. தந்தி ஆபீசு வேதாந்தம் ஐயங்காரு வூட்டுல கேட்டது மனசுல ஓடிகினே கீது. மாட்டுக் கொட்டாய் கூட்டுறப்ப அவரு வூட்டம்மா பெருந்தேவியம்மாளுக்குச் சொல்லிகினு இருந்தாரு. மலை வெடிச்ச எடத்துல பட்டப்பகல்ல வெளக்கு ஏத்தினாங்களாம். அப்பிடி ஒரு இருட்டாம்.

— அது அங்க எல்லா. எங்கியோ.

— அதான் இல்லன்றாரு. சாம்ப வானத்துல ஏறிப் போயி, ஏரோப்ளேனெல்லாம் மீனம்பாக்கத்துலியே நிறுத்தி வெச்சுட்டாங்களாம். எஞ்சினுக்குள்ளாற பூந்தா அடைச்சுக்கும், மேலேந்து தொபுக்குன்னு வுழுந்துடும். கடலுக்கு அடியில தந்திக் கம்பி போவுதாமே, அது அறுந்து போச்சாம். அவரு தந்திப் பொட்டியத் தட்டித் தட்டிப் பார்க்கறாரு, அந்தப் பக்கத்துலேந்து சத்தமே இல்லியாம். யாரு கீறாங்க, யாரு பூட்டாங்க, ஒண்ணும் தெரியல. மனுசன் ஒடிஞ்சு போயிக் குந்திக் கீறாரு.

— கடலுக்கு அடியில கம்பியா? சொல்றதக் கேளு அக்கா, நான் இத்தனை வருசமா வலை போடறேன், ஒரு கம்பியும் மாட்டல.

— ஒன் வலைக்கு எட்டாத ஆழத்துல கீதாம். அரிசிக் கப்பலும் வரல. நடுக் கடல்ல நின்னு போச்சாம். எஞ்சினு சூடு தணியறதுக்குக் கடல் தண்ணிய இழுக்குமாமே, அந்தத் தண்ணியோட கல்லு பூந்து அடைச்சுகினுதாம்.

— கல்லா? கல்லு எப்பிடிக்கா மேல வரும்? கல்லு அடிக்குத்தான் போவும். ஐயங்காரு கடலையே பார்த்ததில்ல போல.

— எனக்கு இன்னா தெரியும்? அவரு சொன்னாரு, நான் கேட்டேன். ரேசன் கடையில போன வாரம் அரிசி இல்லன்னாங்களே, அது அதனாலதானாம். சாம்ப வானத்துலியே நின்னுட்டா வெயிலு மங்கி, மழையும் பொய்க்குமாம். எப்பவோ ஒரு தபா வெள்ளைக்காரன் சீமையில வெயில்காலமே வராம வெள்ளாமை கருகிப் போச்சாம், எங்கியோ ஒரு மலை வெடிச்சதுக்கு.

— நீ எல்லாம் கெட்டதாவே பொறுக்கிகினு வர்றே.

— அம்மா கேட்டாங்க, முன்ன காலத்துலயும் மலை வெடிச்சுதே, அப்பல்லாம் நமக்கு இன்னா ஆச்சுன்னு. ஐயங்காரு சொல்றாரு, அப்ப அந்த ஊரு மட்டும்தான் போவும். இப்ப கம்பியாலயும் கப்பலாலயும் ஒலகத்தையே ஒண்ணா சேர்த்துக் கட்டி வெச்சுகினு கீறோம், ஒரு பக்கம் அறுந்தா எல்லாருக்கும் அடின்னு. எனக்கு அது கொஞ்சம் புரிஞ்சுது. நம்ம வூட்டுப் பானையில அரிசி இல்லாததுக்கும் எங்கியோ வெடிச்ச மலைக்கும் கணக்கு கீதுன்னு.

— எங்க மரத்துக்கு எஞ்சினும் இல்ல, கம்பியும் இல்ல. மலை வெடிக்கட்டும், வானம் வெடிக்கட்டும், நான் பாட்டுக்கு வலிச்சுகினு போவேன்.

— நீ வலிச்சுகினு போவே. மீன வித்துட்டு இன்னா துன்னுவே? மீனையேவா?

— அது... அது பேஜாருதான்.

— பேச்ச வுடுங்க! தோ தெரியுது! கருப்பா, பாரு! எல்லா, எழுந்திருக்காத, குந்திகினே பாரு! வெள்ளையா... பறவ குந்திக் கீது பாரு, கூட்டமா! பறவ தண்ணியில குந்துமா? தரை! தரை! தோத்திரம்!

— அய்யோ, ஆமாய்யா. மெய்யாலுமே கீது. எவ்ளோ நீளம்! கருப்பா, கீது நைனா!

— கீதுக்கா. நானும் பார்த்துட்டேன். வேகமா வலி அண்ணாத்த! என் எடம் தெக்கால, ஞாபகம் கீது இல்ல?

— தெக்காலயே எடுத்துக்கோ! கொஞ்சம் சேர்த்தே எடுத்துக்கோ! ஊருக்குப் பேரு வெக்கணும். இன்னா பேரு வெக்கலாம் எல்லா? எல்லம்மாபேட்டை!

— போய்யா. வெக்கமா கீது.

— வெச்சாச்சு! எல்லம்மாபேட்டை! தபாலு வந்தா அப்பிடித்தான் எழுதணும். முன்சீபு படகு எங்க கீது?

— பின்னாடி. நல்லா வருது. காத்து அவங்களுக்கு ஒத்தாசையா கீது. அண்ணாத்த... ஒரு நிமிசம். தொடுப்ப நிறுத்து.

— நிறுத்தறதா? பைத்தியமா ஒனக்கு?

— சொல்றதக் கேளு. கரையப் பாரு. கெளம்பறப்போ தீவு கல்லு கோயிலுக்கு நேர் கெழக்க இருந்துது. நான் கோயில முதுகுல வெச்சுகினு நேராத்தான் வந்தேன். இப்ப தீவு வடக்கால கீது.

— நாம சாஞ்சு வந்துட்டோம்.

— கடல்ல பொறந்தவன் நானு. நாம சாயல. அது போவுது.

— தீவு எங்கடா போவும்? காலா கீது அதுக்கு?

— எனக்கு இன்னா தெரியும்! போவுதுன்றேன்! ஒன் தரை வடக்க பார்த்து நடந்துகினு போவுது!

— இன்னாய்யா சொல்றான் இவன்?

— அவனுக்குக் கண்ணு மங்கல். வலிடா! முன்சீபு வந்துட்டாரு பாரு, வலி! இன்னும் கொஞ்சம்தான்!

— காதக் குடுத்துக் கேளு. ஒரு சத்தம் வருது.

— ஆமா... மல்லாட்ட மூட்டையக் குலுக்கினாப்ல... கலகலன்னு.

— தரையில அலை மோதற சத்தம் இது இல்ல அண்ணாத்த. அது எனக்குத் தெரியும். இது வேற.

— வந்துட்டோம்! தொட்டுட்டோம்! நான் எறங்கறேன். எல்லா, பானையக் குடு!

— இருய்யா! மொதல்ல தொடுப்பால குத்திப் பாரு... யோவ்! யோவ்! கருப்பா, புடி, புடி அவர! இடுப்பு வரைக்கும் பூந்துட்டாரு!

— கயிறு போடறேன், புடிச்சுக்கோ அண்ணாத்த! கால ஒதைக்காத! ஒதைச்சா உள்ள போவே!

— அடியில... அடியில தண்ணிடா. தரையே இல்ல. கல்லு விலகிகினு போவுது, கால வெச்சா விலகிகினு போவுது...

— கட்டைய ஏதாச்சும் புடிச்சுக்கோ! அந்த மரத்துண்டு மேல கைய வெச்சு நில்லு! ஆங், அப்பிடித்தான். அசையாத.

— கருப்பா, இந்தக் கல்ல எடுத்துப் பாரு. கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது. ரொட்டித் துண்டாட்டம் ஓட்டை ஓட்டையா. தண்ணியில போட்டா... மெதக்குது! மெய்யாவே கல்லு மெதக்குது!

— தாயே! கடலம்மா! தீவு பூரா இதானா? நான் ஐயங்காரப் போயி சிரிச்சேனே!

— கப்பல அடைச்ச கல்லு. அந்த மலையோட கல்லு. இங்க வரைக்கும் வந்துட்டுதா...

— எல்லா.

— இன்னாய்யா, வந்து ஏறு. போனாப் போவட்டும். உசிரு கீது, அது போதும். நமக்கு எப்ப நெலம் கெடைச்சுது, இன்னிக்குக் கெடைக்க?

— எல்லா, நான் அழல. நான் புடிச்சுகினு நிக்கிறேன் பாரு, இந்தக் கட்டை. இது இன்னான்னு பாரு.

— கட்டைதான். கருகிக் கீது.

— கட்டை இல்லமே. நுகத்தடி.

— நுகத்தடியா? நடுக் கடல்லயா?

— நம்ம ஊரு மாதிரியே செதுக்கிக் கீறான். நடுவுல ஏர்க்கால் கட்டற எடம் தேஞ்சு கீது, பாரு. எத்தனை வருசம் ஓட்டியிருப்பான்! மாட்டுக் கழுத்து பட்ட எடம் வழவழன்னு கீது. சொந்தமா நெலம் வெச்சிருந்தவன்தான் இத்தனை பதனமா வெப்பான். எண்ணெ போட்டு வெச்சுக் கீறான் எல்லா.

— தூக்கிப் போட்டுட்டு ஏறு அண்ணாத்த. படகு கிட்ட வந்துட்டுது.

— இரு. பூட்டாங்கயித்தப் பாரு. மாட்டுக் கழுத்துல கட்டற கயிறு. ரெண்டு பக்கமும் முடிச்சு அவுக்கவே இல்ல. போட்ட முடிச்சு அப்பிடியே கீது, அதுக்கு அப்பால எரிஞ்சு போயிக் கீது. நாப்பது வருசமா அடுத்தவன் ஏரு ஓட்டறேன். மழை வந்தாலும், இடி வுழுந்தாலும், ஏர் ஓட்டறவன் மொதல்ல மாட்ட அவுத்து வுட்டுட்டுத்தான் ஓடுவான். அது வாயில்லாத உசிராச்சே. இவனுக்கு அவுக்கக்கூட நேரம் கெடைக்கல.

— ஏசப்பா...

— அக்கா, அங்க பாரு. தென்னமரம் ஒண்ணு, ஏறறதுக்கு வெட்டின படியோட. அந்தாண்ட கதவு. தாப்பா போட்டபடியே கீது. இன்னும் என்னென்னமோ கீதுக்கா. நான் அந்தப் பக்கம் பார்க்கல.

— பார்க்காத நைனா. நீ பார்க்காத.

— ஆண்டவரு எனக்கு எடுத்துக் குடுத்தாருன்னு தோத்திரம் சொல்லிகினு வந்தேனே எல்லா. எவ்ளோ கத்திகினு வந்தேன்! வாயில மண்ணப் போட. எவன் ஊரு போனதுக்கோ நான் மல்லாட்ட போடறேன், சவுக்கு நடறேன்னு கூத்தாடிகினு...

— ஒனக்குத் தெரியாதே. தெரியாம ஆசப்பட்டே. அழாதய்யா.

— கம்பி அறுந்துபோச்சு, சேதி வரலன்னு ஐயங்காரு சொன்னாரு இல்ல? தோ வந்துட்டுது சேதி. எனக்குத்தான் வந்துக் கீது. இத்த வுட மாட்டேன், கரைக்கு எடுத்தாந்து மண்ணு தோண்டிப் பொதைப்பேன். எவன் எடம் இல்லன்னு சொல்றான்னு பார்க்கறேன்.

— அண்ணாத்த, படகு வந்துட்டுது. முன்சீபு முன்னாடி எழுந்து நிக்கிறாரு. கணக்கப்புள்ள சங்கிலிய அவுக்கறான். இன்னாவோ கத்துறாரு.

— இன்னான்றாரு?

— யாரு நெலத்துலடா நிக்கிறேன்னு கேக்கறாரு.

— இந்தா, தலையில கட்டின துண்ட அவுத்துக் கக்கத்துல வெச்சுக்கய்யா. பெரிய மனுசன் எதிர்ல வர்றாரு. நமக்கு இன்னாத்துக்கு வம்பு?

— இவருக்காவ அவுக்க மாட்டேன் எல்லா, செத்தவங்களுக்குன்னா அவுக்கறேன்... முன்சீபு ஐயா! அங்கியே நிறுத்துங்க! அந்தச் சங்கிலியக் கீழ போடச் சொல்லுங்க! இது எழவு வூடு, தலப்பாவ அவுத்துட்டு வாங்க!